அமைலேஸ் கூடினால் சதையி போய்விட்டதா?

வாசகர் கடிதம்:

மதிப்புக்குரிய டொக்டர் அவர்களுக்கு,

அம்பாறை மாவட்டம் திருக்கோவிலில் இருந்து எழுதுகிறேன். 2021 ஆகஸ்டில் அப்பாவுக்குக் கொரோனா வந்து, மூச்செடுக்க முடியாமல் வைத்தியசாலையில் சேர்த்தோம். அப்போது அவருக்கு வயது 58. ஒட்சிசன் கொடுத்தார்கள், ஸ்டீரொயிட் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாள் சீனி 380 என்றார்கள். அதுவரை அவருக்குச் சீனி வருத்தம் இருந்ததில்லை. இரவில் மூன்று நான்கு தடவை சிறுநீர் கழிக்க எழும்புவார். வயது போனதால் என்று விட்டுவிட்டோம். அன்றிலிருந்து இன்றுவரை மெட்போமின் எடுக்கிறார். போன மாதம் எச்.பி.ஏ.1சி 6.1 என்று வந்தது. "சீனி இறங்கிவிட்டது, இனி எதற்குக் குளிசை" என்று நிறுத்தப் பார்க்கிறார். பக்கத்து வீட்டு மாமி குறிஞ்சா இலை போதும் என்கிறார்.

இப்போது அம்மா, வயது 54. போன மாதம் காய்ச்சல், இருமலோடு விடுதியில் சேர்த்தபோது கொரோனா என்றார்கள். இரண்டாம் நாள் சத்தியும் மேல்வயிற்று வலியும் வந்தது. அமைலேஸ் கூடியிருக்கிறது, சதையியில் கொஞ்சம் பாதிப்பு என்று ஒரு வைத்தியர் சொன்னார். அதற்கு மேல் எங்களால் கேட்க முடியவில்லை. ஆறாம் நாள் துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். இப்போது வலி இல்லை. கத்தாரில் இருக்கும் அண்ணா, கொரோனா சதையியைத் தின்றுவிடும் என்று ஒரு வீடியோவை அனுப்பி, வீட்டில் எல்லோரையும் அமைலேஸ் பார்க்கச் சொல்கிறார். அப்பாவுக்கு வந்தது அம்மாவுக்கும் வந்துவிட்டதா? இருவருடைய அட்டைகளின் பிரதிகளையும் அப்பாவின் கிளினிக் கொப்பியின் பிரதியையும் இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்பு மகளுக்கு,

அட்டைகளின் பிரதிகளைச் சேர்த்து அனுப்பியது மிகவும் நல்லது. கடிதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதியிருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். ஆளைத் தொட்டுப் பார்க்காமல் சொல்கிறேன் என்பதால், இதை உங்கள் கிளினிக் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பயத்தை முதலில் போக்கிவிடுகிறேன். அம்மாவின் சதையி அழிந்துவிட்டது என்று சொல்ல அந்தத் தாள்களில் எதுவும் இல்லை. அப்பாவின் நீரிழிவு கொரோனாவால் வந்தது என்று சொல்லவும் இடமில்லை. அது முன்பே இருந்திருக்கிறது. அதற்காகக் கொரோனா சதையியைத் தொடவே தொடாது என்று நான் சொல்லமாட்டேன். தொடும். எப்படி, எவ்வளவு என்று விளங்கினால்தான் உங்கள் வீட்டில் நடந்தது என்ன என்பதும் விளங்கும்.

சதையி, அதாவது கணையம், இரைப்பைக்குப் பின்னால் முதுகெலும்பை ஒட்டிக் குறுக்காகக் கிடக்கும் ஒரு சுரப்பி. ஒரு சாண் நீளம்கூட வராது. உணவைச் செரிக்க வைக்கும் நொதியங்களைக் குடலுக்குள் அனுப்புவது அதன் பெரும்பகுதி செய்யும் வேலை. அமைலேஸ், லைபேஸ் இரண்டும் அந்த நொதியங்களில் அடங்கும். மிகச் சிறிய பகுதியான தீவுக் கலங்கள் இன்சுலினைச் சுரந்து நேரே இரத்தத்தில் விடுகின்றன. உங்கள் அம்மாவின் விடயம் முதல் வேலையோடு தொடர்புடையது, அப்பாவின் விடயம் இரண்டாவதோடு. வீட்டில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் பாதிப் பயத்துக்குக் காரணம்.

கொரோனா வைரஸ் கலத்துக்குள் நுழைய ஏ.சி.ஈ.2 என்ற புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்தப் புரதம் நுரையீரலில் மட்டுமல்ல, குடலிலும் சிறுநீரகத்திலும் சதையியிலும் இருக்கிறது. கொரோனாவால் இறந்த சிலரின் சதையியில் வைரஸ் இருந்ததற்கான தடயங்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். இன்சுலின் சுரக்கும் கலங்களை அது நேரடியாக எந்த அளவுக்குத் தாக்குகிறது என்பதில் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு தீரவில்லை. வைரஸ் ஒன்று சதையியைத் தொடுவது புதிய செய்தியும் அல்ல. கூகைக்கட்டு வைரஸ் சதையியை அழற்சியடையச் செய்யும் என்பது பழைய பாடம். டெங்குவிலும் சிலருக்கு நேர்கிறது.

கொரோனா கடுமையாகி வைத்தியசாலையில் கிடக்கும் ஒருவரின் சதையிக்கு, வைரஸைவிட மற்றவற்றால் வரும் துன்பமே பெரும்பாலும் அதிகம். இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது. இரத்த அழுத்தம் விழுந்தால் சதையிக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. உடம்பு முழுவதும் எழும் அழற்சி, சிறு நாளங்களில் உறையும் இரத்தம், சத்தியாலும் வயிற்றோட்டத்தாலும் நீர் வற்றுதல் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களுக்கு மயக்க நிலைக்காகக் கொடுக்கும் புரொபோபோல் என்ற மருந்து கொழுப்புக் கரைசலில் கலந்து வருவது. பல நாட்கள் ஓடினால் இரத்தத்தில் ட்ரைகிளிசரைட் என்ற கொழுப்பைக் கூட்டிவிடும். ட்ரைகிளிசரைட் 1000க்கு மேல் போனால் அதுவே சதையி அழற்சிக்குக் காரணமாகலாம். மயக்கத்தில் இருப்பவர் வயிறு வலிக்கிறது என்று சொல்லவும் மாட்டார். அதனால்தான் அங்கே வேலை செய்பவர்கள் இரத்தப் பரிசோதனைகளை அடிக்கடி பார்க்கிறார்கள்.

அமைலேஸ் கூடிய எல்லோருக்கும் சதையி அழற்சி இருப்பதில்லை. அமைலேஸ் உமிழ்நீர்ச் சுரப்பிகளிலிருந்தும் வருகிறது. குடல் அழற்சியடைந்தாலும் ஏறும். சிறுநீரகம் அதை வெளியேற்ற முடியாமல் தடுமாறினாலும் இரத்தத்தில் தேங்கும். ஆகவே சதையி அழற்சி என்று முடிவு கட்ட வைத்தியர்கள் மூன்று விடயங்களைப் பார்க்கிறோம்: அந்த நோய்க்கே உரிய வலி, சாதாரண உச்ச அளவைப்போல் மூன்று மடங்கோ அதற்கு மேலோ ஏறிய அமைலேஸ் அல்லது லைபேஸ், ஸ்கேனில் தெரியும் மாற்றம். இவற்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். வலியும் சும்மா வந்துபோகும் வயிற்றுளைவு அல்ல. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்கு ஊடுருவிப் போகும், மணிக்கணக்காக விடாது. நிமிர்ந்து படுக்க முடியாமல், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, தலையணையை வயிற்றோடு அணைத்து முன்னால் குனிந்தபடி இருப்பார்கள். விடுதிக்குள் நுழையும்போதே அந்த இருப்பு கண்ணில் படும்.

இந்த வித்தியாசம் தெரியாமல்தான் வீடியோக்காரர்கள் ஊரைப் பயமுறுத்துகிறார்கள். 2020 தொடக்கத்தில் சீனாவின் வூஹானில் கொரோனா நியூமோனியாவோடு இருந்த 52 பேரைப் பார்த்து, அவர்களில் 17 சதவீதத்தினருக்குச் சதையிப் பாதிப்பு என்று எழுதினார்கள். ஆனால் அங்கே அமைலேஸ் அல்லது லைபேஸ் சாதாரண அளவைக் கொஞ்சம் தாண்டியிருந்தாலே பாதிப்பு என்று கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அதே ஆண்டு நியூயோர்க்கில் ஒரு வைத்தியசாலைக் குழுமத்தில் சேர்க்கப்பட்ட ஏறத்தாழ 12,000 கொரோனா நோயாளர்களை, நான் மேலே சொன்ன அளவுகோலை ஒட்டிப் பார்த்தபோது, சதையி அழற்சி இருந்தது 32 பேருக்குத்தான். ஆயிரத்துக்கு மூன்று பேர்கூட இல்லை. அண்ணா அனுப்பிய வீடியோவில் எந்தக் கணக்கு வந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் 17 என்ற எண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு பேசுகிறவர்கள் நிறையப் பேர்.

நேர்மையாக இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த 32 பேரில் பெரும்பாலோருக்குப் பித்தக்கல், மது போன்ற வழக்கமான காரணம் எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே கொரோனாவே காரணமாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் நியாயமானது. அரிதாக நடக்கிறது என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் வழக்கமான காரணங்களைத் தேடிப் பார்த்து, இல்லை என்று ஆன பிறகுதான் கொரோனாவின் மேல் பழியைப் போட வேண்டும். இதில் நான் பிடிவாதக்காரன். கொரோனா என்று ஒரு பெயர் கிடைத்தவுடன் குடும்பமும் தேடுவதை நிறுத்திவிடுகிறது, சில வேளைகளில் வைத்தியர்களும் நிறுத்திவிடுகிறார்கள். அப்போது உண்மையான காரணம் உடம்புக்குள்ளேயே இருந்துவிடுகிறது.

உங்கள் அம்மாவின் அட்டையைப் பாருங்கள். அமைலேஸ் 212, அந்த ஆய்வுகூடத்தின் உச்ச அளவு 100 என்று பக்கத்திலேயே அச்சிட்டிருக்கிறது. இரண்டு மடங்குக்குச் சற்று மேல், மூன்று மடங்கு ஆகவில்லை. அதே நாளில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 2.1. சத்தி எடுத்து நீர் வற்றியதில் சிறுநீரகம் தற்காலிகமாகத் தடுமாறியிருக்கிறது. சேலைன் ஏற்றிய பிறகு, வீட்டுக்கு அனுப்பிய நாளில் 0.9க்கு இறங்கிவிட்டது, அமைலேஸும் 88க்கு வந்துவிட்டது. இதுவரைக்கும் நல்ல செய்திதான்.

ஆனால் நீங்கள் கடிதத்தில் எழுதாத ஒரு வரி அட்டையின் பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்கேன் முடிவில், "பித்தப்பையில் சிறு கற்கள் பல. குடலில் உள்ள காற்றினால் சதையி தெளிவாகத் தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலத்தில் சுருக்கெழுத்தாக இருப்பதால் உங்கள் கண்ணில் படாமல் போயிருக்கும். என்னைப் பொறுத்தவரை அந்த அட்டையிலேயே முக்கியமான வரி அதுதான். உலகம் முழுவதிலும் சதையி அழற்சிக்கு முதற்காரணங்களில் ஒன்று பித்தப்பைக் கல். பெரிய கல்லைவிடச் சிறிய கல்லே இதில் அபாயமானது. அது பித்தப்பையிலிருந்து நழுவி, பித்தக் குழாயும் சதையிக் குழாயும் சேர்ந்து குடலில் திறக்கும் வாசலில் போய் அடைத்துக்கொள்ளும். காய்ச்சலில் நாட்கணக்காகச் சாப்பிடாமல் கிடந்தால் பித்தம் தேங்கித் தடிக்கும், தொல்லை கூடும்.

அம்மாவுக்கு அன்று வந்தது ஒரு சிறு கல் நழுவிப் போனதால் வந்த வலியா, கொரோனாவின் வயிற்றுக் கோளாறா என்று இந்தத் தாளை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்லக்கூடியது, கல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்பது. அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது அந்த வரியைக் கையால் தொட்டுக் காட்டுங்கள். வெறும் வயிற்றில் இன்னொரு ஸ்கேன் எடுக்கவும், ட்ரைகிளிசரைட், கல்சியம் பார்க்கவும், சத்திரசிகிச்சை கிளினிக்குக்குக் கடிதம் தரவும் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். நெரிசலான விடுதியில் வைத்தியருக்கு ஒரு நோயாளியோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் 'சதையியில் கொஞ்சம் பாதிப்பு' என்ற பாதிச் செய்தியோடு ஒரு குடும்பத்தை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை அம்மாவின் சாப்பாட்டில் எண்ணெயும் தேங்காய்ப்பாலும் குறையட்டும். பட்டினி போட வேண்டாம். சோறு, மீன் சொதி, கீரை எல்லாம் சாப்பிடலாம். பொரியலும் எருமைத் தயிரும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும்.

இனி அப்பா. அவருடைய 2021 அட்டையில், சேர்த்த மூன்றாம் நாள் எடுத்த எச்.பி.ஏ.1சி 8.4 என்று இருக்கிறது. அன்றைய சீனி அன்றைய நிலையை மட்டும் சொல்லும். எச்.பி.ஏ.1சி கடைக்காரரின் கடன் கொப்பி மாதிரி, கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை வைத்திருக்கும். 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் நீரிழிவு. கொரோனா வந்து சில நாட்களில் அது 8.4க்கு ஏறிவிடாது. இரவில் எழும்பி எழும்பிச் சிறுநீர் கழித்தது வயதால் அல்ல, சீனியால் என்றே நினைக்கிறேன். நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. அது தெரியாமலே வயலுக்கும் கடலுக்கும் போய்வருகிறவர்கள் ஏராளம். கொரோனா அலையில் வைத்தியசாலைக்கு வந்து முதன்முதலாக இரத்தம் சோதித்தபோது அப்படிப் பலர் வெளியே தெரிந்தார்கள். உங்கள் அப்பாவும் அவர்களில் ஒருவர்.

380 வரை ஏறியதில் ஸ்டீரொயிட்டுக்கும் பங்கு உண்டு. கொரோனாவுக்குக் கொடுக்கும் ஸ்டீரொயிட்டான டெக்சாமெதசோன் ஈரலிலிருந்து குளுக்கோசை அதிகம் வெளியேற்றும், இன்சுலினின் வேலையையும் மந்தமாக்கும். அதற்காக அந்த ஊசியைச் சபிக்க வேண்டாம். 2020 ஜூனில் பிரித்தானியாவின் ரிக்கவரி ஆய்வு காட்டியதன்படி, நாளுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாட்கள் வரை கொடுத்தபோது, ஒட்சிசன் தேவைப்பட்டவர்களில் இறப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது; செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. டெல்டா அலையில் மூச்சுக்குத் தவித்த உங்கள் அப்பா உயிரோடு வீட்டுக்கு வந்ததில் அந்த ஊசிக்கும் பங்கிருக்கிறது. சீனி ஏறினால் இன்சுலினால் இறக்கலாம்.

முன்பு நீரிழிவே இல்லாத சிலருக்குக் கொரோனாவுக்குப் பிறகு புதிதாக வருவதும் உண்மை. அமெரிக்காவின் முன்னாள் படையினரின் மருத்துவப் பதிவுகளை வைத்து 2022 இல் வெளிவந்த பெரிய ஆய்வு, தொற்றிய பின் வந்த ஓராண்டில் நீரிழிவு வரும் வாய்ப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியிருந்ததாகச் சொல்கிறது. வீட்டிலிருந்தே சுகமானவர்களைவிட வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டவர்களுக்கும், அவர்களைவிட அதிதீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனவர்களுக்கும் அது அதிகம். மறுபக்கம், வைத்தியசாலையில் இருந்தபோது புதிதாக நீரிழிவு என்று சொல்லப்பட்டவர்களில் கணிசமானோருக்குப் பின்னர் சீனி தானாகவே சாதாரண நிலைக்குத் திரும்பியிருக்கிறது. நோயின் அழுத்தமும் ஸ்டீரொயிட்டும் போனபின் சதையி தன் வேலையைத் தொடர்கிறது. இவர் எந்த வகை, அவர் எந்த வகை என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து மூன்று மாதம் கழித்து எச்.பி.ஏ.1சி பார்த்தால்தான் தெரியும். அந்தப் பரிசோதனைக்குப் போகாமல் விடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

அப்பாவிடம் சொல்லுங்கள்: இப்போதைய 6.1 குளிசையால் வந்த 6.1. நன்றாகக் கட்டுப்பாட்டில் வைத்திருக்கிறார், அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். நிறுத்தினால் நாளைக்கே ஒன்றும் நடக்காது, அதுதான் ஆபத்து. சில மாதங்களில் சத்தமில்லாமல் ஏறும், ஏறியது தெரியாது. உடல் எடை குறைந்து, நடை கூடி, சோற்றின் அளவு குறைந்திருந்தால் குளிசையைக் குறைப்பது பற்றிக் கிளினிக்கில் பேசலாம். அந்த முடிவை அங்கேதான் எடுக்க வேண்டும். மாமி சொன்ன குறிஞ்சா இலையைச் சுண்டியோ கஞ்சியிலோ சாப்பிடட்டும், எனக்கு மறுப்பில்லை. கஷாயமாகக் காய்ச்சி மருந்துபோல் தினமும் குடிப்பதாக இருந்தால் வைத்தியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிசைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

அண்ணாவுக்கும் ஒரு பதில். வீட்டில் எல்லோரும் அமைலேஸ் பார்க்கத் தேவையில்லை. வலி இல்லாதவருக்கு அமைலேஸ் பார்ப்பதால் காசும் நிம்மதியும்தான் போகும். அதற்குப் பதிலாக 35 வயதைத் தாண்டிய எல்லோரும் வெறும் வயிற்றுச் சீனி பாருங்கள். பக்கத்து அரசாங்க வைத்தியசாலையில் பணமில்லாமலே செய்யலாம். அப்பா, அம்மா இருவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தாலே பிள்ளைகளுக்கு வாய்ப்புக் கூடும். கத்தாரில் இருக்கும் அண்ணாவுக்கும் இது பொருந்தும்.

கொரோனா வந்து சுகமான யாராக இருந்தாலும், மலம் எண்ணெய்ப் பசையோடு மிதந்து நாறினாலோ, நன்றாகச் சாப்பிட்டும் உடம்பு மெலிந்தாலோ, கண் மஞ்சளானாலோ காலம் தாழ்த்தாமல் காட்ட வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் நீரிழிவு புதிதாக வந்து, கூடவே எடையும் இறங்கினால் சதையியில் கட்டி ஏதும் இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்ப்பது அவசியம். அதையும் கொரோனாவின் கணக்கில் எழுதிவிடக்கூடாது.

அம்மாவுக்கு மேல்வயிற்று வலி மறுபடி வந்து, முதுகுக்குப் பரவினாலோ, சத்தி நிற்காவிட்டாலோ, காய்ச்சலும் மஞ்சளும் சேர்ந்தாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், கட்டணம் இல்லை. அட்டையையும் ஸ்கேன் முடிவையும் கையோடு கொண்டு போங்கள். நம் கரையோரத்தில் மார்கழி, தை மழைக் காலத்தில் காய்ச்சலோடு வயிற்று வலியும் விடாத சத்தியும் வந்தால் முதலில் நினைக்க வேண்டியது கொரோனாவை அல்ல, டெங்குவை. அது டெங்குவின் எச்சரிக்கை அறிகுறி. அப்போது பரசிற்றமோல் தவிர வேறு வலி மருந்து எதையும் கடையில் வாங்கிக் கொடுக்கக்கூடாது.

அப்பாவின் கிளினிக் கொப்பியைப் புரட்டியதில் கண் பரிசோதனை செய்ததற்கான பதிவைக் காணவில்லை. வருடத்துக்கு ஒருமுறை விழித்திரையைக் காட்ட வேண்டும். சிறுநீரில் புரதமும் பார்க்க வேண்டும். அவர் வயல் செய்கிறவர் என்று அட்டையில் இருக்கிறது. வரம்பில் வெறுங்காலோடு நடப்பவரானால், ஒவ்வொரு நாளும் மாலையில் கால் கழுவிய பிறகு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் யாராவது ஒருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். நோகாத காயமாக இருந்தாலும் மறுநாளே மருந்து கட்ட வேண்டும்.